பழைய பிக்கப் வண்டியின் ஆல்டர்னேட்டர்: திருத்தங்கலிலும் யாழ்ப்பாணத்திலும்

இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுப்பது ஆல்டர்னேட்டர். பட்டறைகளில் இன்றும் அதை 'டைனமோ' என்றே சொல்வார்கள். பழைய பிக்கப் வண்டியில் அது பழுதானால் தமிழ்நாட்டின் திருத்தங்கலில் பெரும்பாலும் பிரித்துச் சரிசெய்கிறார்கள். இலங்கையில் பெரும்பாலும் முழுதாகக் கழற்றி வேறொன்றை மாட்டுகிறார்கள். தொழில்திறனில் இரு பக்கமும் குறைவில்லை. வண்டியும் அதன் உதிரிபாகமும் எங்கிருந்து வருகின்றன என்பதே வழக்கத்தைப் பிரிக்கிறது.

2021இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த திருத்தங்கலில் பிக்கப்புகள் காகிதம், காலண்டர், தீப்பெட்டி, பட்டாசு என ஏற்றி ஓடுகின்றன. பழைய வண்டிகளில் டாடா 207, மஹிந்திரா பிக்கப் ஆகியவையே அதிகம் கண்ணில் படும். இவை இந்தியாவில் உருவானவை. இவற்றுக்கான ஆல்டர்னேட்டர்களைச் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் 1961இல் தொடங்கிய நிறுவனம், சென்னைப் பாடியில் இருக்கிறது. அதனால் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு பிளேட், பேரிங் எல்லாம் தனித்தனியாக விலைக்குக் கிடைக்கும். சிவகாசியில் இல்லாதது மதுரையில் கிடைத்துவிடும். தேய்ந்த பிரஷ் ஒன்றுக்காக முழு ஆல்டர்னேட்டரை மாற்றுவது இங்கே வீண்செலவு.

இலங்கையில் 'கெப்' எனப்படும் பழைய பிக்கப் வாகனங்களில் டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற ஜப்பானிய வண்டிகளே முன்னே நிற்கின்றன. அவற்றின் பாகங்களும் ஜப்பானில் கழித்த வண்டிகளிலிருந்து முழுக் கருவியாகவே வந்து சேர்கின்றன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஏற்கனவே ஓடிய ஆல்டர்னேட்டர்கள் அடுக்கடுக்காக விற்பனைக்கு இருக்கும். யாழ்ப்பாணத்துக் கராஜுக்கும் வன்னிக்கும் அங்கிருந்தே சரக்குப் போகிறது. பிரித்து வேலை பார்க்கும் கூலியும் நேரமும் சேர்ந்தால், ஓடிய கருவி ஒன்றின் விலையை நெருங்கிவிடும். முழுதாக மாட்டுவது கணக்கில் சரியாகவே வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு அந்தக் கணக்கு குழம்பியது. 2022இல் ஒரு டாலரின் விலை 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாயை எட்டியபோது பழைய கருவியும் எட்டாத பொருளானது. தனியார் வாகன இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிரித்துப் பழுதுபார்ப்பவரின் மதிப்பு உயர்ந்தது.

யாழ்ப்பாணத்துக்கு அந்தக் கலை புதிதில்லை. ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் கார்களை, அவற்றின் லூகாஸ் டைனமோவோடு, பல பத்தாண்டுகள் ஓடவைத்த ஊர் அது. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரியும் எரிபொருளும் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். இல்லாமையில் கற்ற அந்தத் தேர்ச்சியைப் பாராட்டாமல் இந்த ஒப்பீட்டை எழுத முடியாது.

மாற்றுவதா பிரிப்பதா என்ற கேள்வி வருவதற்கு முன், கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும். கழற்றிய ஆல்டர்னேட்டர்களில் பல நல்லவையாகவே இருப்பதால், இரு ஊரிலும் அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். முழுச் சார்ஜில் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினை ஓடவிட்டுச் சற்று ஆக்சிலேட்டர் கொடுத்தால் அது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12 வோல்ட்டிலேயே நின்றால் சார்ஜ் இல்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். ஹெட்லைட்டைப் போடும்போது மட்டும் வோல்ட் சரிந்தால் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உள்ளே போவது சரியான இறுக்கம். பளபளவென்று வழுக்கி மின்னும் பெல்ட்டை இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது ஒயர். ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டுக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே, சுமையோடு ஓடும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது அல்லது முனை பச்சை பூத்திருக்கிறது. இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையையும் அப்படியே அளக்க வேண்டும். டேஷ்போர்டின் சார்ஜ் விளக்கும் வெறும் எச்சரிக்கை இல்லை. சாவியைத் திருப்பும்போது பழைய வகை ஆல்டர்னேட்டரின் சுருளுக்கு முதல் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகவே போகிறது. பல்பு பியூஸ் போனால் நல்ல ஆல்டர்னேட்டரும் எழும்பாமல் கிடக்கும். மலிவான ஒரு பல்புக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் உண்டு.

மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஓடும் வண்டியின் பேட்டரியில் அளக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு பழுது என்று கொள்ளலாம். அப்படிப் போன டயோடு வழியாக, நின்ற வண்டியிலும் இரவோடு இரவாகப் பேட்டரி இறங்கும். இந்த அளவெல்லாம் எடுக்கப் பொறுமையில்லாமல், ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி 'வண்டி அணையுதா பார்' என்று சோதிப்பவர்கள் திருத்தங்கலிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு. ஆல்டர்னேட்டருக்கு முந்தைய, உண்மையான டைனமோ காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் எகிறும் வோல்ட் ரெகுலேட்டரையும் டயோடையும் ஒரே நொடியில் கொன்றுவிடக்கூடும். இந்தச் சோதனையை எல்லாப் பட்டறைகளும் விட்டொழிக்கத்தான் வேண்டும்.

பட்டாசு வட்டாரத்தில் இன்னொரு கட்டுப்பாடும் சேர்கிறது. பேட்டரி முனையைத் தொடும்போதே பொறி பறக்கும். ஆகவே பட்டாசை இறக்கி, வண்டியை ஆலையையும் குடோனையும் விட்டுத் தொலைவில் நிறுத்திய பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். நெகட்டிவ் முனை முதலில் கழற்றப்பட்டு, கடைசியில் மாட்டப்பட வேண்டும்.

பழைய டீசல் பிக்கப்பில் ஆல்டர்னேட்டரின் பின்னால் வேக்கம் பம்ப் இருந்தால் வேலை மாறுகிறது. ஹைலக்ஸின் 2எல் இன்ஜின் அத்தகையது. பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தருவது இந்தப் பம்ப்தான். இன்ஜின் ஆயிலே அதற்கும் வந்து திரும்புகிறது. சீல் கசிந்தால் ஆயில் உள்ளே இறங்கி ஸ்லிப் ரிங்கும் பிரஷும் கருத்த பசையில் மூழ்கும். சீலை விட்டுவிட்டு பிரஷை மட்டும் மாற்றிய ஆல்டர்னேட்டர் விரைவிலேயே மறுபடியும் மேசைக்கு வரும். பஞ்சிகாவத்தையில் வாங்குகிறவர் பம்ப் உள்ளதா இல்லாததா, புல்லி ஒற்றை வி பெல்ட்டுக்கா பல கோடுள்ள பெல்ட்டுக்கா என்று பழையதோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஜப்பானிய லாரிகளில் 24 வோல்ட் வழக்கம் என்பதால் 12 வோல்ட்டா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். கையால் சுற்றி பேரிங் கரகரக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதும் அங்கே அவசியம். திருத்தங்கலில் பிரித்துப் பூட்டியதை பெஞ்சில் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குவது நல்லது.

மாட்டும்போது இறங்கிய பேட்டரிக்குத் தனியாகச் சார்ஜ் ஏற்றிவிட வேண்டும். காலிப் பேட்டரியை நிரப்பும் சுமையில் புதிய டயோடு சூடேறிக் கெடலாம். ஆயில் குழாயிலும் வேக்கம் குழாயிலும் கிளிப் சரியாக விழுந்ததா என்று பார்த்து, இன்ஜினை ஓடவிட்டு பிரேக் பெடலை அழுத்த வேண்டும். பெடல் கட்டையாக இருந்தால் வேக்கம் வரவில்லை. அந்த வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. பிறகு எல்லா விளக்கையும் போட்டு மறுபடி வோல்ட் அளந்து, சில நாள் ஓடிய பின் புது பெல்ட்டை ஒருமுறை இறுக்கினால் போதும்.