தப்பை மறக்கவிடாத செயலி: ஆன்கிடிராய்டில் மூன்று மாத ஜப்பானியம்

நர்சிங் முடித்த என் அக்கா மகளுக்கு ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக ஆசை. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாடு அந்த வழியைத் திறந்தது. அதற்கு ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலையோ அதற்கு இணையான தேர்ச்சியோ வேண்டும். எங்கள் ஊரான எம்.ரெட்டியபட்டியில் சொல்லித்தர ஆள் இல்லை. அதனால் ஆன்கிடிராய்டு செயலியை இறக்கி, இருவரும் மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்தோம்.

‘ஆன்கி’ என்பதே ஜப்பானியச் சொல்தான். மனப்பாடம் என்று பொருள். டேமியன் எல்மஸ் 2006இல் வெளியிட்ட மென்பொருள் இது. அதன் ஆண்ட்ராய்டு வடிவமான ஆன்கிடிராய்டு இலவசம், ஐபோனில் காசு. அட்டைகளை ஏற்றிக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும். சிக்னல் வந்து வந்து போகும் எங்கள் ஊருக்கு இதுவே பெரிய வசதி.

அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பதிலைப் பார்த்ததும் அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்று நான்கு பொத்தான்கள். புது அட்டைக்கு அகெய்ன் அழுத்தினால் ஒரு நிமிடத்தில் திரும்பி வரும். குட் என்றால் பத்து நிமிடம். மறுபடியும் குட் என்றால் ஒரு நாள். தப்பு செய்தால் மதிப்பெண் குறையாது, ஆட்டம் நிற்காது. எதை எப்போது மறுபடி காட்டுவது என்று செயலி முடிவு செய்வதே நம் தப்பை வைத்துத்தான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

முதல் வாரம் அவள் அட்டைகளைத் தமிழ் எழுத்தில் தயாரித்தாள். தங்கத்துக்கும் ‘கின்’, வெள்ளிக்கும் ‘கின்’. நம் ககரம் ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்பதால் வந்த வினை. ஹிரகானாவில் எழுதியிருந்தால் வெள்ளிக்கு எழுத்தின் வலப்பக்க மேல்முனையில் இரண்டு சிறு கோடுகள் வந்திருக்கும். அத்தனை அட்டைகளையும் மாற்றினோம். அடிப்படை எழுத்துகள் 46தான். அவற்றைப் படித்துவிட்டே தொடங்குங்கள்.

குறில் நெடிலில் தமிழருக்குச் சிரமமில்லை. ஜப்பானியத்தில் அத்தைக்கும் பாட்டிக்கும் உள்ள வித்தியாசம் நடுவில் ஒரு நெடில்தான். வாக்கிய அமைப்பும் நம்முடையதே: வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘தபெரு’ என்றால் சாப்பிடுவது, ‘மிரு’ என்றால் பார்ப்பது. ‘தபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. இந்த அட்டை வந்த அன்று அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன்.

நம் குரலைப் பதிந்து கேட்கும் வசதியும் உள்ளே இருக்கிறது. அவள் அதைத் தொடவே இல்லை. “தப்பாச் சொன்னா அங்க சிரிப்பாங்கள்ல மாமா?” என்றாள். எங்கள் கரிசல் ஊர்களில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிறவர்கள் ஏராளம். அருப்புக்கோட்டையில் தறி நெய்யும் தேவாங்கர் வீடுகளில் கன்னடம். இவர்களில் யாரும் இலக்கணம் படித்துவிட்டு வாய் திறந்தவர்கள் இல்லையே என்றேன். அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைப் பதினோரு முறை பதிந்தாள். ஐந்தாவது முறை அவள் காதே அவள் தப்பைப் பிடித்தது.

குறைகளும் உண்டு. தொடக்க அமைப்பு புதியவரைக் குழப்பும். நான்கு நாள் விட்டால் அட்டைகள் மலையாகக் குவியும். தெரியாததற்கு ஈஸி அழுத்தினால் கேட்க ஆளில்லை. நாம் பேசினால் பதில் பேசாது. ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையில் நடக்கும் ஜே.எல்.பி.டி. தேர்விலும் பேச்சுப் பகுதி கிடையாது. ஆக, செயலியும் தேர்வும் சேர்ந்தாலும் வாய் பழகாது. அதற்கு எதிரில் ஒரு மனிதர் வேண்டும். அவர் உங்களைவிட நாலு சொல் கூடத் தெரிந்தவராக இருந்தால் போதும்.

என் தீர்ப்பு: சொல் வளத்துக்கும் எழுத்துக்கும் தயங்காமல் நிறுவுங்கள். தினம் பத்துப் புது அட்டை போதும். ஒவ்வோர் அட்டையையும் வாய்விட்டுப் படியுங்கள். ‘ஹனஷிதெ மிரு’ என்றால் பேசிப் பார்ப்பது. தப்பாக வந்தாலும் இன்றே பேசிப் பாருங்கள்.