கச்சான் காலத்துத் தேநீர்

ஜப்பானியப் பிரபுக்களில் தேநீர்ப் பித்துப் பிடித்தவர்கள் பலர். எனக்குப் பிடித்தவர் ஹிக்கோனேயின் இயி நவோசுகே. பிரபு வீட்டில் பதினான்காவது மகன். பட்டம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் சின்ன வீடொன்றில் பதினைந்து ஆண்டுகள் ஒதுங்கிக் கிடந்தார். வாள் பழகினார், தியானம் பழகினார், தேநீர் போடப் பழகினார். அண்ணன்மார் ஒவ்வொருவராக விலக, 1850இல் பட்டம் தேடி வந்தது. 1858இல் ஷோகுன் அரசின் தலைமைப் பதவி. 1860இல் எடோ கோட்டை வாசலில், பனி கொட்டிய காலையில், வெட்டிக் கொன்றார்கள்.

அவர் எழுதிய தேநீர் நூலில் விருந்து முடிந்த பிறகு வரும் இடம்தான் அழகு. விருந்தாளி போனதும் அவசரமாகக் கதவைச் சாத்தக் கூடாதாம். தலை மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, உலைக்கு முன் தனியே உட்கார்ந்து, இந்நேரம் எதுவரை போயிருப்பார்கள் என்று எண்ணியபடி தனக்கொரு கிண்ணம் போட்டுக் குடிக்க வேண்டும்.

பிரபு தன் கையால் தேநீர் போடுவதை இங்கே, இலங்கையின் ஊவா மலைகளில், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் யாரும் நம்பமாட்டார்கள். இந்த மலைகளின் தேயிலைப் பிரபு தோமஸ் லிப்டன். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னவுக்கு மேலே அவர் பெயரிலுள்ள முனைக்கு இன்றும் கூட்டம் போகிறது. கெட்டிக்கார வியாபாரி, மறுக்கவில்லை. ஆனால் கலை அந்த முனையில் இல்லை. கொழுந்து மலையிலும் வாட்டும் தொட்டியிலும் இருக்கிறது.

ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்குக் காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, காய்ந்த கச்சானாக ஊவாவுக்குள் இறங்கும். செடி தவிக்கும், கொழுந்து மெல்ல வளரும், வாசம் இலைக்குள் திரளும். இரண்டு இலையும் குருத்துமாக ஒடிக்கிறவர் கை நிறைய இறுக்கிப் பிடித்தால் கொழுந்து சூடேறிக் கெட்டுப்போகும். சட்டென்று தோளுக்குப் பின்னாலுள்ள கூடைக்குள் போய்விட வேண்டும்.

இரவெல்லாம் தொட்டியில் வாடிய கொழுந்தை டீமேக்கர் ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்ப்பார். உருண்டையாக நின்று மெல்ல விரிந்தால் பதம். காம்பு ஒடியாமல் வளைய வேண்டும். பச்சைப் புல் வாடை போய்ப் பழவாடை தட்ட வேண்டும். கருவி எத்தனை வந்தாலும் நான் அந்த உள்ளங்கையைத்தான் நம்புவேன். அதன் பிறகே உருட்டல், புளிக்கவைத்தல், சூளை. பருவக் கொழுந்தைக் கொஞ்சம் கூடுதலாகப் புளிக்கவிட்டாலும் வாசம் மங்கிவிடும்.

கோப்பையில் நிறம் செம்மஞ்சள். ஓரத்தில் பொன் வளையம். முதல் மிடறில் நாக்கின் இரு பக்கமும் சுருக்கென்று இழுக்கும், பின்னாலேயே ஒரு குளிர்ந்த வாசம். வலித் தைலத்தில் இருக்கும் மெத்தில் சலிசிலேட்தான் அந்த வாசம். முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஜப்பானியர்களோ ஊவாவை டார்ஜிலிங், கீமுன் ஆகியவற்றோடு சேர்த்து உலகின் மூன்று பெரும் கறுப்புத் தேயிலைகளில் ஒன்றாக வைக்கிறார்கள்.

நவோசுகேயின் அறையில் போட்டவரும் குடித்தவரும் முகம் பார்த்து இருந்தார்கள். இங்கே நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்கு இறங்கிவிடும். தொழிலாளர் லயத்து அடுப்பில் கொதிப்பது தூள். இந்த ஒரு கணக்கில் ஊவாவின் ரசனை இன்னும் பாதிதான் என்பேன்.

பருவத் தேயிலை கைக்கு வந்தால் பால் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். நன்றாகக் கொதித்த தண்ணீர், மூன்று நிமிடம் போதும். சீனி கலப்பதைவிடக் கித்துள் கருப்பட்டியை முதலில் ஒரு கடி. தேநீருக்கு முன் இனிப்பு என்பது ஜப்பானியத் தேநீர் அறையிலும் உள்ள முறைதான்.