குறிமாற்றமும் ஆடுவோர் எதிர்வினையும்: 'மஜிக்' சீட்டாட்டத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

குறியொன்று பழக்கத்தினாற் பொருள் பெறுகின்றது என்பது மொழியியலார் நன்கறிந்த உண்மையாகும். அவ்வாறு பழகிய குறியை மாற்றும் அதிகாரம் யாருடையது, மாற்றத்தை ஏற்போரும் மறுப்போரும் எதனை முன்னிட்டு அவ்வாறு செய்கின்றனர் என்னும் வினாக்களே ஈண்டு எமது அக்கறைக்குரியன. வெறும் விளையாட்டுப் பொருளொன்றை இதற்குத் தேர்ந்தமை சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், குறிகள் தனியுடைமையாகவும் விற்பனைப் பண்டமாகவும் இருக்கும் நிலையை இத்துணைத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு எளிதிற் கிடைப்பதில்லை.

றிச்சார்ட் காபீல்ட் வகுத்த 'மஜிக்: த கதரிங்' என்னும் சீட்டாட்டத்தை 1993இல் அமெரிக்காவின் விசாட்ஸ் ஒவ் த கோஸ்ற் நிறுவனம் வெளியிட்டது. உறைகளில் அடைத்து விற்கப்படும் சீட்டுகளைச் சேர்த்து, அவற்றிலிருந்து தமக்குரிய கட்டினை அமைத்து ஆடுவது இதன் முறை. ஞாயிறு, நீர்த்துளி, மண்டையோடு, தீ, மரம் ஆகிய ஐங்குறிகள் ஐந்து நிற ஆற்றல்களைச் சுட்டும். சீட்டைச் சாய்த்தலைக் குறிக்கத் தொடக்கத்திற் பயன்பட்ட சாய்ந்த ஆங்கில 'ரி' எழுத்து, ஆட்டம் பிறமொழிகளிற் பரவியதும் பொருந்தாதாயிற்று. வளைந்த அம்புக்குறி அதனிடத்தைப் பெற்றது.

2003இல் எட்டாம் பதிப்போடு சீட்டின் சட்டகமும் பெயரெழுத்தின் வடிவமும் மாற்றப்பட்டபோது எழுந்த எதிர்ப்பிற் பெரும்பகுதி பழமைப்பற்றின் பாற்பட்டதே. எனினும் அதனுள் வேறொரு குரலும் இருந்தது. முன்னர் மண்ணிறமாயிருந்த கருவிச் சீட்டுகள் வெள்ளிச் சாம்பல் நிறம் பெற்றமையால், வெண்ணிறச் சீட்டுகளிலிருந்து அவற்றைப் பிரித்தறிதல் அரிதாயிற்று என ஆடுவோர் முறையிட்டனர். கருவிகளையே மையமாகக் கொண்ட 'மிறோடின்' தொகுதி அவ்வாண்டிலேயே வெளிவந்ததால் இடர்ப்பாடு மிகுந்தது. 2004இல் 'பிப்த் டோன்' தொகுதியோடு அந்நிறம் கருமையாக்கப்பட்டது. குறியின் குறையைக் கண்டோர் அதனை வரைந்தோரல்லர், நாள்தோறும் வாசித்தோரே.

2016இன் மாற்றம் இன்னும் நுட்பமானது. அதுவரை சாம்பல் வட்டத்துள் அமைந்த எண், செலவைக் கூறுமிடத்து 'எவ்வகை ஆற்றலாயினும்' என்றும், வரவைக் கூறுமிடத்து 'நிறமற்ற ஆற்றல்' என்றும் இருபொருள்பட வழங்கிற்று. நிறமற்ற ஆற்றலையே கட்டாயமாகக் கோரும் செலவை அதனால் எழுத இயலாது. சாய்சதுரக் குறியொன்று இக்குறையை நீக்கிற்று. அது நியாயமான சீர்திருத்தமென்றே நாம் கருதுகின்றோம். ஆனால் வெளியீட்டிற்கு முன்பே சில சீட்டுகள் கசிந்தபோது, ஆறாவது நிறம் பிறந்துவிட்டதோ என்ற ஐயம் பரவிற்று. இதனை அறியாமையென ஒதுக்கலாகாது. ஐந்து அடிப்படை நிலங்களுக்கு ஐந்து குறிகள் என்று பயின்றவர், புதிய அடிப்படை நிலத்தையும் புதிய குறியையும் ஒருங்கே கண்டு அவ்வாறு அனுமானித்தமை, இலக்கணம் கற்றோர் செய்யும் அனுமானமே. பழைய சீட்டுகள் அச்சிட்டவாறே இருக்க, அவற்றின் அதிகாரபூர்வ வாசகம் மட்டும் மாறியது. கையிலுள்ள பொருள் வாங்கியவருடையது. அதன் அர்த்தமோ நிறுவனத்தினுடையது.

குறி வர்க்கப் போராட்டத்தின் களமாகும் என்ற கருத்தை வொலொஷினொவ் 1929இல் முன்வைத்தார். விளையாட்டுச் சீட்டுக்கு அதனை ஏற்றுவது மிகையெனத் தோன்றலாம். ஆயினும் அருமைக் குறியின் வரலாறு அவ்வழியே எம்மை இட்டுச் செல்கின்றது. 1998இல் 'எக்ஸோடஸ்' தொகுதி முதல், தொகுதிச் சின்னத்தின் கருமை, வெள்ளி, பொன் நிறங்கள் சீட்டின் அருமையைக் காட்டலாயின. ஆட்டத்தின் போக்கில் இந்நிறங்களுக்கு வேலை ஏதுமில்லை. சந்தையில் மட்டுமே உண்டு. 2008இல் பொன்னுக்கு மேலாகச் செம்மஞ்சள் வந்தது. அக்குறியுடைய சீட்டு ஏறத்தாழ எட்டு உறைகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே கிடைத்தது. போட்டிகளில் வலிமைமிக்க சீட்டுகளின் பட்டியலாக இத்தரம் அமையாதென நிறுவனத்தின் சார்பிற் கூறப்பட்டது.

ஆடுவோர் அவ்வாக்கை மறக்கவில்லை. 2009இல் 'லோட்டஸ் கோப்ரா' அக்குறியோடு வெளிவந்தபோது அவர்கள் அதனையே எடுத்துக்காட்டி வாதிட்டனர். 2010இன் 'ஜேஸ், த மைன்ட் ஸ்கல்ப்ரர்' சீட்டும் செம்மஞ்சட் குறியையே தாங்கிற்று. ஒரு கட்டில் ஒரே சீட்டின் நான்கு பிரதிகள் வரை இடம்பெறலாம் என்பது ஆட்டவிதி. ஆகவே 2011இல் முதன்மைப் போட்டி வகையில் அது தடைசெய்யப்படும் வரை, வெல்ல விரும்பியோர் பலர் நான்கையும் விலைகொடுத்தே தேடவேண்டியவராயினர்.