வேண்டுதல் இல்லாத பாட்டு: சாஃபோவும் முதுமையும்

"இக்கவிதையின் மையக்கரு முதுமை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம், இல்லையா மாணவர்களே? மதிப்பெண் கிடைக்கும்தான். ஆனால், அந்த ஒரு வரிக்குள் அடங்காத கவிதை ஒன்றை இப்போது பார்ப்போம். கி.மு. 600 வாக்கில் லெஸ்போஸ் தீவில் வாழ்ந்த கிரேக்கப் பெண்கவி சாஃபோ பாடியது. யாழோடு பாடும் வகையைச் சேர்ந்தது.

இளம்பெண்களை விளித்துத் தன் உடலைப் பற்றிச் சொல்கிறாள். தோல் தளர்ந்துவிட்டது, கருங்கூந்தல் நரைத்துவிட்டது, நெஞ்சு கனக்கிறது. ஒருகாலத்தில் மான்குட்டி போல் ஆடிய முழங்கால்கள் இப்போது தாங்கவில்லை. ஆடக்கூடிய வயதில் இருப்பவர்களிடம் போய் முழங்காலைப் பற்றிப் பேசுகிறாள், கவனியுங்கள். அடுத்து, என்ன செய்ய முடியும், மனிதராய்ப் பிறந்தவர் மூப்படையாமல் இருக்க முடியாதே என்கிறாள். அதற்குச் சான்றாகத்தான் தித்தோனஸ் கதை வருகிறது.

அந்தக் கதை கிரேக்கருக்குப் பழக்கமானது. விடியலின் தேவதை ஈயோஸ், தித்தோனஸ் என்ற அழகிய இளைஞன்மீது காதல் கொண்டாள். அவனுக்குச் சாகாவரம் கேட்டவள், இளமையைக் கேட்க மறந்துபோனாள். அவன் சாகாமலே கிழவனானான். ஆனா சாஃபோ அந்த மறதியைச் சொல்லவே இல்லை! சொல்லியிருந்தால், 'வரம் கேட்கும்போது பார்த்துக் கேள்' என்ற நீதிக்கதையாகிப் போயிருக்கும். மிம்நெர்மஸ் என்ற கவிஞர் இதே கதையில் சியூஸ் கடவுளைக் கைகாட்டுகிறார். சாவைவிடக் கொடிய முதுமையை அவர்தான் கொடுத்தாராம். சாஃபோ யாரையும் குறை சொல்லவில்லை. அவன் மனைவி சாகாதவள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். தேவதை பக்கத்திலேயே இருக்கிறாள், மூப்பு மட்டும் நிற்கவில்லை.

கிரேக்கச் சமயத்தில் மனிதரையும் தெய்வத்தையும் பிரிக்கும் கோடே மூப்பும் சாவும்தான். காதலில் தவிக்கும்போது இதே சாஃபோ, அஃப்ரோடைட்டி தேவியை இறங்கி வரச் சொல்லி வேறொரு பாடலில் மன்றாடுகிறாள். முதுமைக்கு அப்படி ஒரு வேண்டுதலும் இல்லை. கேட்டுப் பயனில்லை என்று தெரிந்த ஒருத்தியின் பக்தி இது. எனக்கு இந்த இடம்தான் கவிதையின் உயிர்.

சரி, பாட்டு எங்கே முடிகிறது? அறிஞர்களிடையே இன்னும் வாதம் இருக்கிறது. எகிப்தில் கிடைத்து 1922இல் வெளியான பாப்பிரஸ் ஏட்டில் பாதி அடிகளே மிஞ்சியிருந்தன. 2004இல் வெளியான கொலோன் ஏடு அதைவிடப் பழையது. அதன் துணையோடுதான் பாடல் ஓரளவு முழுமையானது. அதில் பாட்டு தித்தோனஸோடு, 12 அடியில் முடிந்துவிடுகிறது. 1922 ஏட்டிலோ மேலும் நான்கு அடிகள் தொடர்கின்றன. காதல் தனக்கு ஞாயிற்றின் ஒளியைத் தந்ததாக ஆறுதல் தேடும் அடிகள். அவை இதே பாட்டா, வேறு பாட்டா?

என்னைக் கேட்டால் 12 அடியே போதும். அந்த நான்கு அடிகள் அழகானவைதான், ஆனால் தித்தோனஸை நாம் சீக்கிரமே மறந்துவிடுவோம். ஆசிரியர்களே, இரண்டு முடிவையும் வகுப்பில் சொல்லி, மாணவர்களை வாதாட விட்டுப் பாருங்கள்.