சுற்றளவுப் பாடத்தை எப்படி ரசிப்பது?

வட்டத்தின் சுற்றளவுப் பாடத்தில் சூத்திரம் எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவுக்குச் சுவை கூடும். கரும்பலகையின் முதல் வரியிலேயே அதை எழுதிவிட்டால் மிஞ்சுவது பெருக்கல் கணக்கு மட்டும்தான்.

நல்ல வகுப்பு ஊகத்தில் தொடங்கும். மேசைமேல் ஓர் எவர்சில்வர் டம்ளர். உயரம் பெரிதா, வாயைச் சுற்றும் நூல் பெரிதா? பெரும்பாலான கைகள் உயரத்துக்கே எழும். நூலைப் பிரித்துப் பக்கத்தில் நிறுத்தினால், சாதாரண டம்ளரில் அது உயரத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும்.

நூல் சுற்றுவதைவிட விட்டம் அளப்பதில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். டம்ளர் வாயில் மையப்புள்ளி ஏது? ஸ்கேலின் பூஜ்ஜியத்தை விளிம்பில் ஊன்றி மறுமுனையை மெல்ல நகர்த்தினால் அளவு ஏறிப் பிறகு இறங்கும். ஏறிய உச்சமே விட்டம். வட்டத்தின் மிக நீளமான நாண் விட்டமே என்ற உண்மை, பெயர் சொல்லாமலே கைக்கு வந்துவிடுகிறது.

சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் விடைகள் மூன்றிலும் அதற்குச் சற்று மேலுமாகச் சிதறும். அவற்றை அழித்துவிட்டு 3.14 என்று எழுதுவது பாடத்தின் சிறந்த பகுதியை வீணடிப்பது. 27 மி.மீ. விட்டமுள்ள பத்து ரூபாய் நாணயத்தின் சுற்றளவு ஏறக்குறைய 85 மி.மீ. விட்டத்தை ஒரு மி.மீ. குறைத்து அளந்தால் விடை 3.27; கூட்டி அளந்தால் 3.04. சைக்கிள் சக்கரத்திலோ அதே பிழை பொருட்டே இல்லை. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு சுற்று உருட்டினால், 71 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் சுமார் 223 செ.மீ. போகும். வகுத்தால் 3.14.

மூன்றைவிடக் கொஞ்சம் கூடுவது ஏன்? அளந்து பார்த்தால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது, காம்பஸ் வேண்டும். வட்டம் வரைந்த ஆரத்தை மாற்றாமல் விளிம்பில் வெட்டிக்கொண்டே போனால், ஆறாவது வெட்டு தொடங்கிய இடத்திலேயே விழும். புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் அறுகோணம். அதன் சுற்றளவு ஆறு ஆரம், அதாவது மூன்று விட்டம். வட்டம் ஒவ்வொரு கோட்டுக்கும் வெளியே வளைந்து போவதால் மூன்றைத் தாண்டியே ஆக வேண்டும். வெளியே ஒட்டினாற்போல் ஒரு சதுரம் வரைந்தால் அதன் சுற்று நான்கு விட்டம். வட்டம் அதை எட்டாது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் புறப்பட்டதும் அறுகோணத்திலிருந்துதான். பக்கங்களை 12, 24, 48, 96 என்று இரட்டித்துக்கொண்டே போய், சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண், அதாவது பை, 223/71-ஐவிடப் பெரிது, 22/7-ஐவிடச் சிறிது என்று நிறுவினார். சைக்கிள் சக்கரத்தின் 223-உம் 71-உம் இங்கே வந்து நிற்பது தற்செயல்தான். ஆனாலும் வகுப்பில் சொல்லத் தகுந்தது. பள்ளிக் கணக்கின் 22/7 அவர் வைத்த மேல் எல்லையே தவிர, சரியான மதிப்பு அன்று. கணக்குகளில் விட்டம் 7, 14, 21 என்றே வருவது அடித்துச் சுருக்கும் வசதிக்காக. கி.பி. 499-இல் ஆரியபட்டர் 20,000 விட்டத்துக்கு 62,832 சுற்றளவு என்று சொன்னபோதும், அதைத் தோராயம் என்றே குறித்தார்.

இதற்குப் பிறகு சூத்திரம் வரலாம். கையோடு ஒரு புதிர்: பூமியின் நடுக்கோட்டை இறுக்கிச் சுற்றிய கயிற்றோடு ஒரு மீட்டர் சேர்த்தால், தரைக்கும் கயிற்றுக்கும் எங்கும் எவ்வளவு இடைவெளி விழும்? மயிரிழை என்று தோன்றும். விடை சுமார் 16 செ.மீ. கூடிய நீளத்தை இரண்டு பையால் வகுத்தால் இடைவெளி வந்துவிடுகிறது. கணக்கில் பூமியின் ஆரத்துக்கு வேலையே இல்லை. கால்பந்தைச் சுற்றிய கயிற்றுக்கும் அதே 16 செ.மீ. தான்.