சண்டாகானில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்: ஒரு பட்டியலை விமர்சித்து

போர்னியோவின் வடகிழக்குக் கரையில், சுலு கடலைப் பார்த்தபடி இருக்கிற ஊர் சண்டாகான். மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கு. கோத்தா கினபாலுவிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம், பஸ்ஸில் ஆறு மணி நேரம். "சண்டாகானில் என்ன பார்க்கலாம்" என்று இணையத்தில் தேடினால் வருகிற பட்டியல்கள் அநேகமாக எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். செப்பிலோக்கில் ஓராங்ஊத்தான், பக்கத்திலேயே சூரியக்கரடி, லாபுக் விரிகுடாவில் மூக்குக் குரங்கு, செலிங்கான் தீவில் ஆமை, கினாபாதாங்கான் ஆற்றில் படகுச் சவாரி, கொமாந்தோங் குகை. அப்புறம் ஊருக்குள் ஆக்னஸ் கீத் வீடு, ஜப்பானியர் கல்லறை, போர்க்கைதிகள் நினைவுப் பூங்கா. கடைசியாக சிம்-சிம் நீர்க் கிராமத்தில் கடலுணவு.

இந்தப் பட்டியலை ஒரு புத்தகத்தை வாசிக்கிற மாதிரி வாசித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. பட்டியல் தப்பு என்று சொல்ல வரவில்லை. இடங்கள் எல்லாம் சரியான இடங்கள்தான். என் பிரச்சினை அவற்றைப் பிரித்து வைக்கிற விதத்தில் இருக்கு. "இயற்கை", "வரலாறு", "சாப்பாடு" என்று மூணு டப்பா. குரங்கு ஒரு டப்பாவில், கல்லறை இன்னொரு டப்பாவில். இப்படிப் பிரித்ததும் ஒவ்வொரு இடமும் தனித்தனிக் காட்சியாகி விடுகிறது. அந்தக் குரங்குக்கும் கல்லறைக்கும் நடுவில் இருக்கிற தொடர்பு கண்ணில் படாமலே போகிறது.

முதலில் "இயற்கை" டப்பா. செப்பிலோக் மறுவாழ்வு மையம் தொடங்கியது 1964-இல். தாயை இழந்த, வீடுகளில் வளர்ப்புப் பிராணியாக வைத்திருந்த ஓராங்ஊத்தான் குட்டிகளைக் கொண்டு வந்து, மரம் ஏறவும் இரை தேடவும் பழக்கி, சுமார் 43 சதுர கிலோமீட்டர் காப்புக்காட்டில் விடுகிறார்கள். காலையும் மாலையும் ஒரு மேடையில் பழம் வைப்பார்கள். அந்த நேரத்துக்குத்தான் சுற்றுலாக் கூட்டம். பல பயணக் குறிப்புகளில் ஒரு அங்கலாய்ப்பைப் பார்க்கலாம்: "ரெண்டு மணி நேரம் நின்றோம், ஒண்ணே ஒண்ணுதான் வந்தது." படிக்கும்போது சிரிப்புதான் வருது. மேடையில் வைக்கிற சாப்பாடு வேண்டுமென்றே சலிப்பூட்டுகிற மாதிரி, தினமும் ஒரே மாதிரி இருக்கும். அலுத்துப்போய் அவை காட்டுக்குள் தானே தேடிச் சாப்பிட வேண்டும் என்பதுதான் திட்டம். காட்டில் பழம் பழுக்கிற காலத்தில் மேடைப் பக்கமே எட்டிப் பார்க்காது. மேடை காலியாக இருந்தால் மையம் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம். பட்டியல் எழுதுகிறவர் அதை ஏமாற்றம் என்று எழுதி ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறார்.

லாபுக் விரிகுடா இதற்கு நேர் எதிர். அது ஒரு எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிற தனியார் இடம். பனை நடுவதற்காகக் காட்டை அழித்துக்கொண்டே வந்தபோது, கடலோரச் சதுப்புநிலக் காட்டில் ஒதுங்கி நின்ற மூக்குக் குரங்குகளைத் தோட்ட உரிமையாளரே காப்பாற்ற முடிவு செய்து, சாப்பாடு போட ஆரம்பித்தார். நல்ல காரியம்தான். ஆனால் மிச்சமிருக்கிற காட்டுத் துண்டு மட்டும் அந்தக் கூட்டத்துக்குப் போதாது, அதனால் சாப்பாடு போடுவதை நிறுத்தவும் முடியாது. இங்கே மேடை எப்போதும் நிறைந்திருக்கும். பட்டியல்களில் "நிச்சயம் பார்க்கலாம்" என்று உத்தரவாதமே கொடுக்கிறார்கள். அந்த உத்தரவாதம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கினாபாதாங்கான் கதையும் அதேதான். 560 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. அதன் கீழ்ப்பகுதியில் ஒரே நாளில் யானை, மூக்குக் குரங்கு, இருவாட்சி, முதலை என்று பார்த்துவிடலாம் என்கிறார்கள், உண்மைதான். இவ்வளவு சுலபமாகப் பார்க்க முடிவதற்கு ஒரு முக்கியக் காரணம், இரண்டு கரையிலும் கொஞ்ச தூரம் போனாலே பனைத்தோட்டம் வந்துவிடுவது. மிருகங்கள் எல்லாம் ஆற்றோரக் காட்டுப் பட்டைக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. 2005-இல் அறிவித்த சரணாலயம்கூட ஒரே தொடர்ச்சியான காடு கிடையாது, பத்துத் துண்டுகள். "வனவிலங்குகள் அடர்ந்த பகுதி" என்று பெருமையாக எழுதுகிறார்களே, அந்த அடர்த்தியில் பாதி இட நெருக்கடி.

சரி, காடு எங்கே போனது? இங்கேதான் அடுத்த டப்பாவைத் திறக்க வேண்டியிருக்கு.

1879-இல் வில்லியம் பிரையர் நிறுவிய ஊர் இது. 1884 முதல் இரண்டாம் உலகப்போர் வரை பிரிட்டிஷ் வடக்கு போர்னியோவின் தலைநகரம். ஆண்டது ஒரு பட்டயக் கம்பெனி. புகையிலை, ரப்பர், பறவைக்கூடு, எல்லாவற்றுக்கும் மேலாக மரம். அங்கே வனத்துறைத் தலைவராக இருந்தவர் ஹாரி கீத். அவருடைய மனைவிதான் அமெரிக்க எழுத்தாளர் ஆக்னஸ் நியூட்டன் கீத். 1934-இல் சண்டாகான் வந்தார். 1939-இல் வந்த அவருடைய முதல் புத்தகம் 'லேண்ட் பிலோ தி விண்ட்'. புயல் பாதைக்குத் தெற்கே இருக்கிற நிலத்துக்கு மாலுமிகள் சொன்ன பெயர் அது. இன்றைக்கும் சபா சுற்றுலாத்துறை அந்தப் பெயரை வைத்துத்தான் வியாபாரம் பண்ணுகிறது.

அந்தப் புத்தகம் சுவாரசியமானது, அதில் சந்தேகமே இல்லை. தன்னையே கேலி செய்துகொள்ளத் தெரிந்தவர் ஆக்னஸ். வேலைக்காரர்களை வெறும் நிழலாக விடாமல் பெயரோடும் குணத்தோடும் எழுதுகிறார், அந்தக் காலத்துக் காலனி எழுத்தில் அது பெரிய விஷயம். ஆனாலும் புத்தகம் முழுக்க அவர் நிற்கிற இடம் குன்றின் மேல் இருக்கிற வீட்டு வராந்தா. ஊர் கீழே தெரிகிறது. காடு, கணவர் பரிசோதனைக்குப் போய்வருகிற இடம். அந்தக் காட்டில் மரம் வெட்டும் உரிமை 1920 முதல் ஒரே கம்பெனியிடம் ஏகபோகமாக இருந்த காலம் அது. வனத்துறை என்றால் காட்டைக் காப்பாற்றுவதோடு, அதிலிருந்து வருமானம் எடுப்பதும் சேர்ந்ததுதான்.

இன்று நாம் பார்க்கிற வீடு அவர்கள் முதலில் இருந்த வீடு கிடையாது. அது போரில் அழிந்துபோனது. போர் முடிந்து திரும்பி வந்த தம்பதி அதே இடத்தில் கட்டிக்கொண்ட மரவீடு இது. சபா அருங்காட்சியகம் அதைப் புதுப்பித்து 2004-இல் திறந்தது. பக்கத்தில் தேநீர் விடுதி, புல்வெளியில் குரோக்கே ஆட்டம். பட்டியல்கள் இதைத்தான் ரொம்ப ரசிக்கின்றன. "பழைய காலத்து அழகு" என்ற சொல் எப்படியும் வந்துவிடும்.

அந்தப் பழைய காலத்தின் முடிவையும் ஆக்னஸே எழுதியிருக்கிறார். 'த்ரீ கேம் ஹோம்', 1947. ஜப்பானியர் பிடித்ததும் ஐரோப்பியர்களை முதலில் அடைத்தது, ஊருக்கு எதிரே விரிகுடாவில் சிவப்புப் பாறைச் சுவரோடு நிற்கிற பெர்ஹாலா தீவில். பிறகு கூச்சிங்குக்குக் கொண்டுபோனார்கள். தாய், தந்தை, சின்னப் பையன், மூவரும் உயிரோடு வந்தார்கள், அதுதான் தலைப்பு. இந்தப் புத்தகத்தில் முகாம் தலைமை அதிகாரி சுகா முக்கியமான பாத்திரம். அவர் ஆக்னஸின் முதல் புத்தகத்தைப் படித்தவர், முகாமைப் பற்றி எழுதச் சொல்லி அவருக்கே உத்தரவு போட்டவர். குழந்தைகளிடம் கனிவாக இருந்தார் என்றும் ஆக்னஸ் எழுதுகிறார். எதிரியை மனிதனாகக் காட்டிய நேர்மைக்காக இந்தப் புத்தகத்தைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதும்தான். அதே சமயம் அந்த சுகாவின் பொறுப்பில் போர்னியோவின் மற்ற முகாம்களும் இருந்தன. சண்டாகான் முகாமும் அதில் ஒன்று.

சண்டாகான் முகாமில் நடந்தது இது. விமானத்தளம் கட்ட ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளைக் கொண்டு வந்தார்கள். 1945 ஜனவரியிலிருந்து மூன்று தடவையாக, நடக்க முடிந்தவர்களை ராணாவுக்குக் காட்டு வழியாக ஏறக்குறைய 260 கிலோமீட்டர் நடக்க வைத்தார்கள். விழுந்தவர்களைக் கொன்றார்கள். நடக்க முடியாதவர்கள் முகாமிலேயே செத்தார்கள். சுமார் 2,400 பேரில் பிழைத்தவர்கள் ஆறு பேர். ஆறு பேருமே தப்பி ஓடியவர்கள், கிராமத்து ஜனங்கள் ஒளித்து வைத்துச் சாப்பாடு கொடுத்ததால் பிழைத்தவர்கள். நினைவுப் பூங்காவில் இன்றைக்கும் துருப்பிடித்த கொதிகலனும் மண்வெட்டி எந்திரமும் கிடக்கின்றன. அன்று கட்டிய தளம் இருந்த இடத்தில்தான் இன்றைய விமான நிலையம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து இறங்குகிறவர் முதலில் கால் வைப்பதே அங்கேதான். இதை எந்தப் பட்டியலும் சொல்லி நான் பார்க்கவில்லை.

பட்டியல்கள் ஒரு வரியில் "ஆஸ்திரேலியர்களுக்கு முக்கியமான இடம்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. கைதிகளுக்கு மருந்தும் வானொலி உதிரிபாகங்களும் கடத்திக் கொடுத்த உள்ளூர் ஆட்கள் இருந்தார்கள். 1944 மார்ச்சில் ஆஸ்திரேலிய கேப்டன் மேத்யூஸைச் சுட்டுக் கொன்ற அன்று அவரோடு எட்டு உள்ளூர்க்காரர்களையும் கொன்றார்கள். விமானத்தள வேலைக்கு ஜாவாவிலிருந்து கொண்டுவந்த கூலிகளும் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் என்ன ஆனார்கள் என்று கைதிகளுக்கு இருப்பதுபோல் பெயர்ப் பட்டியல் கிடையாது.

கடைசியாக ஜப்பானியர் கல்லறை. பட்டியலில் இதுக்குக் கிடைப்பது ரெண்டு வரி: "அமைதியான இடம், ஏறுவதற்குக் கொஞ்சம் கஷ்டம்." குன்றுச் சரிவில் இருக்கிற இந்தக் கல்லறையை ஏற்படுத்தியவர் கினோஷிதா குனி என்ற பெண். விபச்சார விடுதி நடத்தியவர். தன்னோடு இருந்த பெண்களுக்குப் புதைகுழியாவது இருக்கட்டும் என்று கட்டினார். அந்தப் பெண்கள் 'கராயுகி-சான்' என்று அழைக்கப்பட்டவர்கள். கியூஷுவின் அமாகுசா, ஷிமாபாரா பக்கத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து விற்கப்பட்டு வந்தவர்கள். விடுதிகளுக்குப் பெயர்கூட இல்லை, எண்தான்.

யமாசாகி தோமோகோ 1972-இல் எழுதிய புத்தகமும், குமாய் கெய் 1974-இல் எடுத்த 'சண்டாகான் எட்டாம் எண் விடுதி' படமும் இவர்களைப் பற்றியவை. யமாசாகி அமாகுசாவில் ஒசாகி என்ற கிழவியின் வீட்டில் போய்த் தங்கினார். எதற்காக வந்தோம் என்பதை மறைத்துத் தங்கினார், அதைப் புத்தகத்திலேயே ஒப்புக்கொள்கிறார். அது எனக்கு நெருடலாகத்தான் இருக்கு. ஆனால் ஒசாகி பத்து வயது வாக்கில் விற்கப்பட்டதை, வேறு யாரும் கேட்டு எழுதியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. படத்தில் கிழவியாக நடித்த தனாகா கினுயோவுக்கு 1975 பெர்லின் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அந்தக் கல்லறைகள் ஜப்பானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன என்று படம் முடியும். அதே வளாகத்தில் போரில் செத்த ஜப்பானிய வீரர்களுக்கும் ஒரு நினைவுச்சின்னம் இருக்கு. போர் முடிந்து இருபது, முப்பது வருஷத்தில் சபாவின் மரக்கட்டைகள் பெரும்பகுதி போனதும் ஜப்பானுக்கே. வெட்டிய இடத்தில் பிறகு பனை வந்தது. செப்பிலோக் குட்டிகளின் கதை இங்கே வந்து சேருகிறது.

ஆக, வராந்தாவில் இருந்தவருக்கு வீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தோம், எண் போட்ட விடுதியில் இருந்தவர்களுக்குச் சரிவில் பாசி படிந்த கற்கள். இதற்கு ஆக்னஸைக் குற்றம் சொல்ல முடியாது. எழுதத் தெரிந்தவர் எழுதினார். எதை முதலிடத்தில் வைப்பது என்று முடிவு பண்ணுகிற நாம்தான் பதில் சொல்லணும்.

"ரெண்டு நாள் லீவில் போறவங்க இதையெல்லாம் சுமக்கணுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுற்றுலாவே தப்பு என்கிற கட்சி நான் இல்லை. நுழைவுக் கட்டணம்தான் அந்த மையங்களுக்குப் பெரிய ஆதரவு. சுக்காவ் பக்கத்துப் படகோட்டிகளுக்குப் பனைத்தோட்டத்தை விட்டால் வேறு வருமானம் இதுதான். சந்தோஷமாகப் போய் வரலாம். வரிசையை மட்டும் கொஞ்சம் மாற்றலாம் என்கிறேன்.

முதல் நாள் காலையில் வெயில் ஏறுமுன் ஜப்பானியர் கல்லறைக்கு ஏறுங்க. இறங்கும் வழியில் கீத் வீட்டுக்குப் போங்க. டீ குடிங்க, தாராளமாக. குடித்துக்கொண்டே விரிகுடாவைப் பாருங்க, பெர்ஹாலா தீவு எது என்று யாரையாவது கேளுங்க. மத்தியானம் நினைவுப் பூங்கா. சாயங்காலம் சிம்-சிம்மில் மீன் சாப்பிடுங்க, ஆனால் அதைப் படம் எடுக்கிற இடமாக மட்டும் பார்க்காதீங்க, அந்தப் பலகை நடைபாதை மக்கள் வீட்டு வாசல். மறுநாள் செப்பிலோக், அப்புறம் லாபுக், இந்த வரிசையிலேயே. காலி மேடையையும் நிறைந்த மேடையையும் ஒரே நாளில் பார்த்தால் வித்தியாசம் தானாகப் புரியும். மூன்றாவது நாள் கினாபாதாங்கானுக்குப் போகும்போது காரில் தூங்காதீங்க. ஜன்னலுக்கு வெளியே கிலோமீட்டர் கிலோமீட்டராக ஓடுகிற பனை வரிசை எந்தப் பட்டியலிலும் இல்லாத பதினோராவது இடம்.