வாடிவாசலும் கார் சாவியும்

2025 பொங்கலன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் அதிக மாடு பிடித்தவருக்குக் கார், சிறந்த காளையின் உரிமையாளருக்கு டிராக்டர். இரண்டு நாள் கழித்து அலங்காநல்லூரிலும் அதே பரிசுகள். இவை போக, பிடிபடாத ஒவ்வொரு மாட்டுக்கும் தங்கக்காசு, அண்டா, கட்டில், பீரோ என்று ஒலிபெருக்கி நாள் முழுக்க அடுக்குகிறது. பரிசு கொடுப்பவரின் பெயரும் கூடவே ஒலிக்கிறது. “சாமி காரியம் வியாபாரமாகிவிட்டது” என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் எதுவரை செல்லும்?

பணம் வாடிவாசலுக்குப் புதிதாக வந்த விருந்தாளி இல்லை. கொம்பில் கட்டிய துணியில் காசு முடிந்திருந்த காலத்திலேயே பரிசும் பந்தயமும் இருந்தன. காரின் இடத்தில் அன்று ஜமீனின் கௌரவம் நின்றது. சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ குறுநாவலில், தன் காரிக் காளை பிடிபட்டதும் ஜமீன்தார் அதைச் சுட்டுவிடுகிறார். புரவலரின் செருக்குக்கு மாடு உயிரைக் கொடுத்த அந்தக் காலத்தைத் தூய்மையின் காலம் என்று கொண்டாட முடியாது.

தெருவில் பிறந்த விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் வியாபாரமாகிவிட்டது என்ற இந்தப் பழி வருகிறது. அமெரிக்க ஸ்கேட்போர்டிங்கில் 1999-இல் டோனி ஹாக் பெயரில் வீடியோ கேம் வந்து கொழித்தபோதும், 2002-இல் நைக்கி தனிப் பிரிவு தொடங்கியபோதும், ஆட்டத்தை விற்றுவிட்டார்கள் என்ற குரல் எழுந்தது. பிறகு அது டோக்கியோ ஒலிம்பிக் வரை போனது. விளையாட்டு சாகவில்லை, எதை வைத்து ஆட்டக்காரரை மதிப்பிடுவது என்பதுதான் மாறியது. மதுரையிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

முதலில் நன்மைகள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் விதித்த தடையை 2017 போராட்டமும் அதையடுத்து வந்த சட்டமும் தகர்த்தன. 2023-இல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றது. இன்று இணையப் பதிவு, கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று, இரட்டைத் தடுப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் கட்டாயம். அவற்றுக்கான செலவை ஊர்வரியால் மட்டும் தாங்க முடியாது. மவுசு கூடியதால் காளைக் கன்று அடிமாட்டுக்குப் போகாமல் தப்புகிறது. கூலி வேலைக்குப் போகும் இளைஞனின் துணிச்சலுக்கு ஒரு கார் கிடைத்தால், அதில் முகம் சுளிக்க யாருக்கும் உரிமையில்லை.

கோளாறு கணக்கில் இருக்கிறது. ஒருவர் எத்தனை மாடு பிடித்தார் என்ற எண்தான் காரைத் தீர்மானிக்கிறது. அப்படியானால், வாடியை விட்டு வந்து நின்று விளையாடும் முரட்டுக் காளையிடம் எதற்குப் போக வேண்டும்? ஓடிவிடும் மாடு நான்கைத் தழுவினால் எண்ணிக்கை ஏறும். திமிலைப் பிடித்து மூன்று துள்ளல் தாங்குவதில் மாட்டுக்கு மாடு உள்ள வேறுபாட்டை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. 2024-இல் அலங்காநல்லூரில் 18-க்கும் 17-க்கும் இடையிலான ஒரே ஒரு மாடு பெரிய சர்ச்சையானது. பாரபட்சம் என்று சொல்லி இரண்டாமிடத்தார் பரிசையே மறுத்தார். அண்டாவுக்காக அப்படி ஒரு சண்டை வந்திருக்காது.

இன்னொரு கோளாறு, பணம் போய்ச் சேரும் இடம். லட்சங்களில் விலை பேசப்படுவது ஒற்றைக் காளைக்கு மட்டுமே. அதை ஈன்ற புலிக்குளம் இனப் பசுக்களைக் கிடை போட்டு வளர்க்கும் கீதாரிகளுக்கு மேய்ச்சல் நிலம் சுருங்கிக்கொண்டே போகிறது. நாட்டு மாட்டைக் காப்பதாகச் சொல்லும் விளையாட்டு, தாய்ப்பசுவுக்கு ஒரு பரிசும் வைக்கவில்லை.

அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 66 ஏக்கரில், 62 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 2024 ஜனவரி 24 அன்று திறந்த ஜல்லிக்கட்டு அரங்கைப் பற்றியும் இரண்டு விதமாகச் சொல்லலாம். பார்வையாளர் பத்திரமாக உட்கார இடம் கிடைத்தது உண்மையான லாபம். அதே அரங்கு ஆட்டத்தைக் கோயிலிலிருந்தும் தை மாதத்திலிருந்தும் பிரித்து, எந்த நாளிலும் நடத்தக்கூடிய காட்சியாக்க வழி திறக்கிறது. ஊர் வாடிவாசலும் தொடர்ந்து நடக்கிறது என்பதால் இழப்பு இன்னும் முழுமையாகவில்லை.

கார் கொடுத்த அதே 2025 அவனியாபுரத்தில் மாடு முட்டி ஓர் இளம் வீரர் உயிரிழந்தார். பரிசு ஒருவருக்கு, ஆபத்து களத்தில் இறங்கிய எல்லோருக்கும் என்ற ஏற்பாடுதான் இன்றைய ஜல்லிக்கட்டின் உண்மையான குறை. புரவலர்களைத் துரத்த வேண்டியதில்லை. அவர்கள் பணத்தைப் பங்கிட வேண்டும். மாட்டின் முரட்டுத்தனத்துக்கேற்பப் புள்ளி, காயம்பட்டவருக்கு ஆண்டு முழுதும் காப்பீடு, கிடைமாடு வளர்ப்பவருக்கு ஒரு பங்கு. இந்த மூன்றையும் செய்யத் தயாராக இருக்கும் விழாக் குழுவை விலைபோனது என்று சொல்ல மாட்டேன். செய்ய மறுத்து, மரபின் பெயரைச் சொல்லி மேடையில் கார் சாவி மட்டும் நீட்டும் குழுவுக்கு அந்தப் பழி பொருந்தும்.